ஒன்பது மணி நேரம் காத்திருக்கும் சோறு: ஜப்பான் மரப்பெட்டியோடு ஒரு வருஷம்

காலை ஐந்தரைக்குக் கட்டும் சோற்றை மதியம் இரண்டரைக்குத்தான் திறக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன், வீடு கல்லிடைக்குறிச்சி. செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலில் ஏறி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் தாண்டி ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ். சாப்பாட்டு நேரம் ஒரு மணி என்று வார்டில் பலகையில் எழுதியிருக்கும். அந்த நேரம் பார்த்து டிரிப் தீர்ந்துபோகும், புதுசாக ஒரு அட்மிஷன் வரும், ரவுண்ட்ஸ் இழுத்துக்கொண்டே போகும். உட்காரும்போது இரண்டரை. சில நாள் மூன்றரையும் ஆகும்.

பதினாறு வருஷமாக எவர்சில்வர் அடுக்குதான் கொண்டுபோனேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, மஞ்சள் பட்டாலும் கறை பிடிக்காது. ஆனால் கொதிக்கக் கொதிக்கச் சோற்றை வைத்து இறுக்கி மூடினால், ஆவி போக வழியில்லாமல் மூடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் சோற்றின் மேலேயே விழும். திறந்தால் மேல்சோறு சொதசொதவென்றும் அடிச்சோறு கட்டியாகவும் இருக்கும். ஐப்பசியில் பரவாயில்லை. பங்குனி பிறந்துவிட்டால் ஒரு வாடை வரும். ஊசிப்போனது என்று கொட்டவும் மனசு வராது, நல்ல சோறு என்று ருசித்துத் தின்னவும் முடியாது. பசிக்குத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன்.

போன வருஷம் புரட்டாசியில் தம்பி ஊருக்கு வந்தபோது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். நகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அதற்கு ஆறு மாசம் முன்னால் நானே 'பென்டோ பாக்ஸ்' என்று பேர் போட்ட இரண்டடுக்கு பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தேன். பென்டோ என்றால் ஜப்பான்காரர்கள் டப்பாவில் கட்டிக் கொண்டுபோகும் சாப்பாடு. இரண்டாவது வாரமே சொதி ஒழுகி, பையில் இருந்த வெள்ளைக் கோட்டு முழுக்கக் கறை. போனில் தம்பியிடம் புலம்பினேன். "அக்கா, பென்டோல சொதிய ஊத்துனா எந்த டப்பாதான் தாங்கும்? டப்பாவ மாத்துததுக்கு முன்னாடி சோத்த மாத்து" என்றான். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், இந்தப் பெட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதியை அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான்.

பெட்டியின் பெயர் மகேவப்பா. வளைத்துச் செய்த மரப்பெட்டி. ஜப்பானின் வடக்கே அக்கித்தா மாநிலத்தில் ஓதாத்தே என்ற ஊர் இதற்குப் பேர்போனது. நமக்குப் பத்தமடை என்றால் பாய் மாதிரி, அவர்களுக்கு ஓதாத்தே என்றால் இந்தப் பெட்டி. 1980-இல் அரசு அதைப் பாரம்பரியக் கைவினை என்று அங்கீகரித்திருக்கிறது. சுகி என்கிற ஊசியிலை மரத்தை மெல்லிய பலகையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, சூடு இருக்கும்போதே சுற்றி வளைத்துக் காயவைக்கிறார்கள். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஆணி கிடையாது. காட்டுச் செர்ரி மரத்தின் பட்டையை நாடாவாகக் கிழித்து அதனாலேயே தைத்துவிடுகிறார்கள். பத்தமடைப் பாயின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு நெருக்கம் தெரியுமே, அந்தத் தையலைத் தொட்டால் அதே நெருக்கம்.

என்னுடையது முட்டை வடிவம், 600 மில்லி கொள்ளும். எடை 160 கிராம்தான். கையில் எடுத்தால் காலிப் பெட்டியா, உள்ளே ஏதும் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். மூடிக்குக் கிளிப்பும் இல்லை, ரப்பரும் இல்லை. மேலே கவிழ்த்துத் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டியதுதான். விலை 9,000 யென்னுக்குச் சற்று மேல், நம் காசில் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும். இதில் பூச்சுப் போட்டது, போடாதது என்று இரண்டு வகை உண்டு. என்னுடையது பூச்சு இல்லாத வெறும் மரம். இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் மூடியைத் திறந்ததும் புதுப் பென்சில் சீவின வாசனை. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுலயா சோறு திங்கப் போற? பலகை வாடைல்லா அடிக்கு" என்றாள். முதல் நாலைந்து தடவை சோற்றிலும் அந்த வாசனை ஏறத்தான் செய்தது. தம்பி சொன்னபடி அரிசி கழுவின தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கழுவியதில் கொஞ்சம் அடங்கியது. ஒரு மாசத்தில் போய்விட்டது; இப்போது வெந்நீர் ஊற்றும்போது மட்டும் லேசாக எழும்பும்.

பென்டோ என்று தேடிப் பார்த்தால் கரடிக்குட்டி முகமாகப் பிடித்த சோறும், பூவாக வெட்டிய கேரட்டும்தான் முதலில் வரும். குழந்தைகளுக்காக அப்படிச் செய்கிறார்கள், அழகுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து ரயிலுக்கு ஓடுகிறவளுக்கு அதில் வேலையில்லை. என்னைப் பிடித்து இழுத்தது வேறு. நாம் டப்பாவில் கட்டுவது வீட்டுச் சாப்பாடு. சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று இலையில் சுடச்சுடப் பரிமாறுவதற்காகச் சமைத்ததை அப்படியே அள்ளி ஊற்றி மூடுகிறோம். பென்டோ கட்டுகிறவர் விடியற்காலையிலேயே மத்தியானத்தை நினைத்துச் சமைக்கிறார். ஆறின பிறகு எது ருசிக்கும், எது தண்ணீர் விடும், எது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. உப்பும் காரமும்கூட ஒரு சிட்டிகை கூடத்தான் போடுகிறார்கள், ஆறின சாப்பாடு நாக்கில் மந்தமாக இருக்கும் என்பதால்.

இப்படி யோசித்துச் சமைத்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும்போது எங்கள் ஆச்சி புளிச்சோறு கட்டுவாள். முந்தின நாள் ராத்திரியே புளியைக் காய்ச்சி, நல்லெண்ணெய் மிதக்கும்வரை வற்றவைத்து, விடியற்காலையில் சோற்றை வடித்துச் சுளகில் கொட்டி ஆறவிட்டுப் பிசைந்து, வாட்டின வாழையிலையில் கட்டி ஓலைப்பெட்டிக்குள் வைப்பாள். சாயங்காலம் ஆற்றங்கரையில் பிரித்தால் காலையில் இருந்ததைவிட ருசி கூடியிருக்கும். சூடு ஆறுவதைக் குறையாக நினைக்காமல், ஆறட்டும் என்றே சமைத்த சோறு அது. கட்டுச்சோறு என்ற சொல் இன்னும் நம் வாயில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கைக்கு வருகிறது. இந்தப் பெட்டி வந்த பிறகு வாரத்தில் நாலு நாள் கட்டுகிறேன்.

இனி, கட்டுகிற விதம். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பெட்டிக்குக் கொடுத்த காசு வீண்.

முதலில் பெட்டியின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். உலர்ந்த மரத்தில் நேராகச் சோற்றை வைத்தால் பருக்கை ஒட்டிக்கொள்ளும், எண்ணெயும் உள்ளே இறங்கும். பிறகு சோறு. சூடாக வைக்கலாம், ஆனால் மூடக் கூடாது. விசிறியாலோ ஃபேனுக்கடியிலோ கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட வேண்டும். அதற்குள் தொடுகறி ஆறட்டும். ஆவி அடங்கின பிறகுதான் மூடி. மிச்சமிருக்கும் ஈரத்தை மரம் இழுத்துக்கொள்ளும். மதியம் திறந்து மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. சோறு பருக்கை பருக்கையாக, வறண்டும் போகாமல், வேர்த்தும் போகாமல் இருக்கும். முதல் வாரம் இதை நம்பாமல் ஒரே சோற்றைப் பாதி எவர்சில்வரிலும் பாதி இதிலும் கொண்டுபோய் இரண்டரை மணிக்கு ஒன்றாகத் திறந்தேன். ட்யூட்டி அறையில் நாலு பேருக்கும் ஒரு வாய் கொடுத்தேன். நாலு பேரும் மரப்பெட்டிச் சோற்றைத்தான் திரும்பக் கேட்டார்கள்.

இந்த ஆறவைக்கிற விஷயத்தில் செவிலியராக ஒன்று சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து இருக்கும். கொதித்தாலும் அது சாகாது. சோற்றை வெதுவெதுப்பாக மூடி மணிக்கணக்கில் வைத்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே மதியம் மைக்ரோவேவில் சூடு காட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் வேண்டாம். வேகமாக ஆறவைப்பது, ஈரம் கட்டாமல் பார்ப்பது, புளிப்புச் சேர்ப்பது, இவைதான் காப்பு. மரப்பெட்டி மாயம் ஒன்றும் செய்யாது. ஜப்பானிலும் மழை மாசத்திலும் கோடையிலும் பெட்டியோடு ஐஸ் கட்டிப் பொட்டலம் வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

புளிப்பு என்றதும் உமேபோஷி. உமே என்ற காயை உப்பில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தது. தம்பி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். நம் எலுமிச்சை ஊறுகாயைவிட உப்பு, மாவடுவைவிடப் புளிப்பு. வெள்ளைச் சோற்றின் நட்டநடுவே அதில் ஒன்றை மட்டும் வைத்தால் அவர்கள் கொடி மாதிரியே இருக்கும். அதற்கு ஹினோமாரு பென்டோ என்று பெயர், சூரியவட்டப் பென்டோ. இல்லாதப்பட்டவர் சாப்பாடு. தினமும் அதே இடத்தில் பட்டுப்பட்டு அலுமினிய மூடியில் ஓட்டை விழுந்துவிடும் என்று சொல்வார்களாம், அவ்வளவு புளிப்பு. நான் அந்த இடத்தில் நாரத்தங்காய் வைக்கிறேன். நாரத்தங்காயைச் சுற்றி இருக்கும் சோறு லேசாகப் பழுப்பேறி, அந்த நாலு வாய்தான் அன்றைய சாப்பாட்டிலேயே உசத்தி.

அரிசிதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஜப்பான் அரிசி குட்டை மணி. அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அதில் குறைவு. அதனால் ஒன்றோடொன்று ஒட்டும், ஆறினாலும் மெதுவாக இருக்கும். நம் பொன்னிப் புழுங்கலில் அது கூடுதல், ஆறினால் விறைத்துவிடும். முதல் மாசம் முழுக்க விறைத்த சோறுதான் தின்றேன். அப்புறம்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஞாபகம் வந்தது. பக்கத்து ஊர் அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த ஏஎஸ்டி 16, எங்கள் பக்கம் அம்பை பதினாறு என்போம், குட்டையாகக் குண்டு குண்டாக இருக்கும் மணி. இட்லிக்குத்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். அதன் பச்சரிசியில் ஒரு கை தண்ணீர் கூடவைத்து, வடிக்காமல் பொங்கி எடுத்தேன். ஜப்பான் அரிசி ஆகிவிடவில்லை. ஆனால் பெட்டிக்குள் சேர்ந்து உட்கார்ந்தது, மதியம் கரண்டியில் கட்டியாக வரவில்லை. இப்போது அதுதான்.

ஆனால் இந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது வெள்ளைச் சோறு இல்லை. உளுந்தஞ்சோறு. ஒன்றரைப் பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து. உளுந்தை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, பூண்டு பத்துப் பல், வெந்தயம் அரைக்கரண்டி, சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு எல்லாம் சேர்த்து ஒன்றாகப் பொங்குவது. உளுந்தின் பசை அரிசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒன்பது மணி நேரம் கழித்தும் சோறு விறைக்கவில்லை. பக்கத்தில் கெட்டியாக அரைத்த எள்ளுத் துவையல் ஒரு உருண்டை. இன்னொரு பக்கம் சீனியவரைக்காய்ப் பொரியல். ஒரு மூலையில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு, உள்ளே ஈரம் இல்லாமல் வேகவைத்து, சுருட்டி வெட்டிய முட்டை. ஜப்பான்காரர்கள் சுருட்டிச் செய்யும் முட்டை, தமாகோயாகி, கொஞ்சம் இனிக்கும். சுருட்டுகிற வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குத் திறந்து பார்த்தபோதுதான் கவனித்தேன்: கறுப்பும் வெள்ளையும் சோற்றிலேயே, பச்சை பொரியலில், மஞ்சள் முட்டையில், சிவப்புக்குத் தாளித்த வத்தல் மிளகாய். பென்டோவில் ஐந்து நிறம் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும் கணக்கு, நான் ஒன்றும் மெனக்கெடாமலே வந்திருந்தது. கண்ணுக்காக என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஐந்து நிறம் வந்தால் காய், பருப்பு, முட்டை எதுவும் விட்டுப்போகாது.

தேங்காய் சேர்ந்த சோறு வெயில் காலத்துக்கு ஆகாது. உளுந்தஞ்சோறு எனக்கு ஐப்பசி முதல் மாசி வரைதான். பங்குனியிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, நல்லெண்ணெயில் புரட்டிய எள்ளுச் சோறு. ஆனி, ஆடியில் சாரல் காற்று வீசும்போது இரண்டும் கலந்து.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோறு மூன்று பங்கு, முட்டையோ மீனோ பருப்போ ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு. இப்படி இடைவெளி இல்லாமல் நிரப்பினால் பெட்டி எத்தனை மில்லியோ ஏறத்தாழ அத்தனை கலோரி என்று அங்கே ஒரு கணக்கு உண்டு. 600 மில்லிப் பெட்டி என்றால் சுமார் 600. வார்டில் சர்க்கரை நோயாளிகளிடம் "சோத்தக் குறைங்க, காயக் கூட்டுங்க" என்று தினமும் சொல்கிறேன்; அவர்கள் "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுவேன். பெட்டியே அளவாக இருந்தால் கேள்வியே வராது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் இரண்டு வாரம் ஐந்து மணிக்கெல்லாம் பசித்தது. நாம் தின்று பழகின சோற்றில் பாதிதான் இதில் கொள்ளும். காயை நிஜமாகவே இரண்டு பங்கு வைக்க ஆரம்பித்த பிறகு சரியானது. இடைவெளி விடாமல் அடைத்து வைப்பதற்கு இன்னொரு காரணம், ரயில் குலுக்கலில் எதுவும் நகரக் கூடாது. மூடி வெறுமனே கவிழ்ந்திருக்கிற பெட்டியில் இது முக்கியம்.

ரயில் என்றதும் இன்னொன்று. ஜப்பானில் ரயில் நிலையப் பென்டோவுக்கு எக்கிபென் என்று பெயர். 1885-இல் உத்சுனோமியா நிலையத்தில் விற்றதுதான் முதல் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள்: உமேபோஷி வைத்த இரண்டு சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும், மூங்கில் மடலில் கட்டியது. இன்றைக்கு அங்கே ஊருக்கு ஊர் ஒரு பெட்டி, அந்த ஊர் மீன், அந்த ஊர் காய். கோவில்பட்டியிலிருந்து வரும்போது கடம்பூர் எப்போது வரும், போளி எப்போது வரும் என்று ஜன்னலோரம் காத்திருந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். சேரன்மகாதேவியில் யாராவது வாழையிலையில் கட்டின உளுந்தஞ்சோறு விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

இலை விஷயம். பூச்சில்லாத மரத்தில் மஞ்சள் பொடி பட்டால் போகாது. இரண்டாவது வாரமே உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் வட்டம் போட்டுவிட்டது, இன்னமும் இருக்கிறது. அங்கே தொடுகறிகளைப் பிரிக்க ஹாரான் என்ற இலையை வெட்டி வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் புல் மாதிரி வெட்டின பச்சை பிளாஸ்டிக். நமக்கு அந்தத் தரித்திரம் இல்லை. கொல்லையில் வாழை நிற்கிறது. வாட்டின இலையைப் பெட்டி முழுக்கப் போட்டேன். கறை இல்லை, ஆனால் சோறு பழையபடி வேர்த்தது. இலை குறுக்கே நின்றால் மரம் எப்படி ஈரத்தை இழுக்கும்? அதனால் இப்போது தொடுகறிக்கு அடியில் மட்டும் இலை, சோறு வெறும் மரத்தில். இது எங்கேயும் படித்ததில்லை, மூணு தடவை கெடுத்துத் தெரிந்துகொண்டது.

இதில் வைக்கவே கூடாதவை: சொதி, குழம்பு, ரசம், மோர். மூடியில் பிடிப்பு கிடையாது, சாய்ந்தால் போச்சு. தயிர்ச்சோறு ஒரு தடவை வைத்தேன், புளித்த வாடை நாலு நாள் போகவில்லை. வறுத்த சாளை வைத்து ஒரு வாரம் அந்த வாசனையோடு இருந்தேன். குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். சொல்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம், எங்கள் வீட்டுக்காரருக்கே இது சரிப்படவில்லை. ஒரு வாரம் கொண்டுபோய்விட்டு எவர்சில்வர் அடுக்குக்குத் திரும்பிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். பையைத் தூக்கி எறிவார்கள்.

கழுவுவதுதான் உண்மையான சங்கடம். சோப்பு போடக் கூடாது, மரம் குடித்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். பிறகு காற்றாட நிழலில், அதுவும் ஒரு முழு நாள். அதனால் தினமும் கொண்டுபோக முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இல்லையென்றால் இரண்டு பெட்டி வேண்டும். நான் வாரத்தில் நாலு நாள் என்றால் அதில் ஒரு நாள் அரைகுறை ஈரத்தோடுதான் கொண்டுபோகிறேன், அது தப்பு என்று தெரிந்தே.

நிழலில் என்று அழுத்திச் சொல்கிறேன். எங்கள் அம்மா கல்லிடைக்குறிச்சியில் நாற்பது வருஷம் அப்பளம் இட்டவள். கழுவினது எதுவானாலும் மொட்டை மாடி வெயிலுக்குப் போக வேண்டும் அவளுக்கு. சித்திரையில் ஒரு நாள் நான் வேலைக்குப் போன பிறகு பெட்டியையும் மூடியையும் வத்தல் பாயோரம் காயவைத்துவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடி வில்லாக வளைந்திருக்கிறது. பெட்டியில் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. "வெயில் படாம எந்தச் சாமான்ட்டி சுத்தமாவும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆயுசு முழுக்க வெயிலை நம்பிப் பிழைத்தவள். அன்றைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஈரத்துணி சுற்றி, மேலே அம்மிக் குழவியை வைத்து மூன்று நாள் விட்டோம். முக்கால்வாசி நிமிர்ந்தது. இப்போதும் ஒரு பக்கம் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது. துணி கட்டினால் தெரியாது.

கார்த்திகை அடைமழையில் எதிர்ப்பிரச்சினை. எதுவும் காயவில்லை, அடியில் மரம் பொருந்தும் இடத்தில் கடுகு மாதிரி கறுப்புப் புள்ளிகள். நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்ததில் மங்கியது. மழை மாசத்தில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

விலையைப் பற்றி. ட்யூட்டி அறையில் கேட்டார்கள், ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. முன்னீர்பள்ளத்திலிருந்து வரும் அட்டெண்டர் அக்கா பெரும்பாலும் சோறும் ஊறுகாயும்தான் கொண்டுவருவார்கள், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஜப்பானிலும் ஒரு காலத்தில் வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பென்டோ டப்பா வசதியானவர் வீட்டுப் பொருளாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு, பள்ளிக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதில் பணக்கார ஏழை வித்தியாசம் தெரிகிறது என்று, பென்டோவையே நிறுத்தச் சொல்லிப் பேச்சு எழுந்தது. பின்னாளில், 1954-இல், பள்ளி மதிய உணவுக்கென்றே சட்டம் வந்தது. இப்போது தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. பென்டோ சுற்றுலா நாளுக்கு. எங்கள் அறையில் சட்டம் ஒன்றும் இல்லை. மறுநாளிலிருந்து பெட்டியை நடுவில் வைத்துத் திறக்க ஆரம்பித்தேன், மற்றவர்களும் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த அக்காதான் சொன்னார்கள்: "சிஸ்டர், இதுக்கு எதுக்கு ஐயாயிரம்? சோத்த ஆறவச்சி, மூடிக்கு அடில ஒரு வெள்ளத்துணிய மடிச்சிப் போடுங்க. இட்லித் துணி மாதிரி. தண்ணிய அது குடிச்சிரும்." அன்றைக்கே எவர்சில்வர் டப்பாவில் செய்து பார்த்தேன். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி, இரண்டு மடிப்பு. மரப்பெட்டி அளவுக்கு இல்லை. அடிச்சோறு கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் முக்கால்வாசிப் பலன் அதிலேயே கிடைத்துவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் முதலில் பெட்டி வாங்க வேண்டாம். ஒரு மாசம் சோற்றை ஆறவைத்து, துணி போட்டு, குழம்பில்லாத சாப்பாடு கட்டிப் பாருங்கள். அது பிடித்துவிட்டால், கையில் காசும் இருந்து, பெட்டியைத் துடைத்துக் காயவைக்கப் பொறுமையும் இருந்தால் வாங்குங்கள். எனக்கு அந்தக் காசு வீணாகவில்லை. இரண்டரை மணிக்கு முடிச்சை அவிழ்க்கும்போது, காலையில் நானே யாரோ ஒருத்திக்காக நினைத்து நினைத்துக் கட்டின சோறு, அந்த ஒருத்தியும் நானே என்று தோன்றும். அந்த இருபது நிமிஷம் யாராவது வந்து கூப்பிட்டால்கூட எனக்கு எரிச்சல் வருவதில்லை. மூடி வைத்துவிட்டுப் போனால் அது அப்படியே இருக்கும்.

தம்பி தை மாசம் வருகிறான். பூச்சுப் போட்ட பெட்டி, 500 மில்லியில் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பூச்சு இருந்தால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, ஆனால் மஞ்சளும் பிடிக்காது, லேசாகச் சோப்பும் போடலாம் என்கிறான். வந்ததும் தயிர்ச்சோறும் மாவடுவும் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.